ஞாயிற்றின் துடிப்பைப் படித்த வரலாறு

ஞாயிற்றைப் பாடாத மொழி இல்லை. சிலப்பதிகாரம் திங்களுக்கு அடுத்து ஞாயிற்றை வாழ்த்திய பின்னரே கதைக்குள் நுழைகிறது. திருமுருகாற்றுப்படை கடலின்மேல் தோன்றும் ஞாயிற்றை உவமையாகக் கொண்டு தொடங்குகிறது. நாள்தோறும் தவறாது எழுந்து தவறாது மறையும் அதன் ஒழுங்கு, அரசனின் செங்கோலுக்கும் சான்றோரின் வாய்மைக்கும் உவமையாயிற்று. மாறாமையே அதன் இலக்கணம் என்று மனித குலம் நெடுங்காலம் நம்பியிருந்தது.

மாறாதது என்று போற்றப்பட்ட அந்த முகம் ஓயாது துடித்துக்கொண்டிருக்கிறது என்பது 1960ஆம் ஆண்டில்தான் புலனாயிற்று. கதிரவனின் மேற்பரப்பில் எப்பகுதியை நோக்கினாலும், அங்குள்ள வளி ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து கீழிறங்குகிறது. அவ்வசைவு அலையாகி மேலுள்ள அடுக்குகளுக்கும் பரவுகிறது. ஏறத்தாழ பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தொலைவில் நிகழும் இவ்வசைவைக் கண் காணாது, செவி கேளாது. ஒளியைப் பிரித்து, அதில் தோன்றும் மெல்லிய கோடுகளைப் படித்தே மனிதர் இதனை அறிந்தனர். அவ்வாறு படித்தவர்களுள் பலர் தேடிச் சென்றது ஒன்று. கோடுகள் சொன்னது மற்றொன்று. தாம் எதிர்பார்த்ததை விடுத்துக் கோடு சொன்னதை ஏற்றவர்களாலேயே இத்துறை வளர்ந்தது.

கோடுகளின் மொழி

ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் பிறந்த யோசப் ஃபிரவுன்ஹோஃபர் இளமையில் பெற்றோரை இழந்து, கண்ணாடித் தொழில் பழக விடப்பட்டவர். 1801ஆம் ஆண்டில் அவர் வேலை செய்த வீடு இடிந்து விழ, இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். பின்னாளில் குற்றமற்ற வில்லைகளைச் செய்வதே அவருடைய தொழிலாயிற்று. ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று அளக்க அவருக்கு நிறமாலையில் அசையாத ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதனைத் தேடி 1814ஆம் ஆண்டில் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்திப் பார்த்தபோது, வண்ணப் பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கரிய கோடுகள் நிற்பதைக் கண்டார். 500க்கும் மேற்பட்ட கோடுகளை வரைந்து வைத்தார். அவை ஏன் தோன்றுகின்றன என்று அறியாமலேயே 1826ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டுமுன் இறந்தார்.

விண்மீன்கள் எவ்வேதிப்பொருள்களால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று 1835ஆம் ஆண்டில் பிரெஞ்சு மெய்யியலார் ஆகஸ்ட் கோம்ட் எழுதினார். கால் நூற்றாண்டு கழியுமுன் அக்கூற்று பொய்த்தது. 1859ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் அக்கோடுகளின் பொருளைக் கண்டுரைத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் மட்டும் ஒளியை உமிழ்கிறது. அதே நிறங்களில்தான் ஒளியை விழுங்கவும் செய்கிறது. கதிரவனின் வெளியடுக்கிலுள்ள சோடியமும் இரும்பும் கால்சியமும் உள்ளிருந்து வரும் ஒளியில் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு விட்டுச்சென்ற வெற்றிடங்களே அக்கரிய கோடுகள்.

கோடு எங்கே நிற்கிறது என்பது அங்குள்ள பொருளைச் சொல்லும். அது தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அப்பொருளின் வேகத்தைச் சொல்லும். ஒளிதரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் சாய்கிறது. 1842ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் டாப்ளர் கூறிய கருத்தின் பயன் இது. ஆயினும் அச்சாய்வு மிக நுண்ணியது. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம், 6000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கோட்டை ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஐம்பதில் ஒரு பங்கே நகர்த்தும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பதோ ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. ஞாயிற்றின் துடிப்பு எழுதப்பட்டிருப்பது இத்தகைய நுண்ணெழுத்தில்தான்.

பொருளில்லாத ஒரு பெயர்

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் குறுக்கே சென்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் நிறமாலைமானியோடு காத்திருந்தார். கதிரவனின் விளிம்பில் எழுந்த தீநாக்குகளின் கோடுகள் மிகுந்த ஒளியோடு தோன்றக் கண்டவர், கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காண முடியும் என்று உணர்ந்து, மறுநாளே கண்டு காட்டினார். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கி, சோடியக் கோட்டிற்கு அருகே ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்தார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யரும் தீநாக்குகளின் கோடுகளைக் கிரகணமின்றியே கண்டார். அம்மஞ்சள் கோடு எந்தத் தனிமத்திற்கும் பொருந்தாமையால், அது புதிய தனிமம் ஒன்றிற்கு உரியது என்று கருதப்பட்டு, ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் எனப்பட்டது. 1895ஆம் ஆண்டில் ராம்சே அதனைப் பூமியிலேயே கண்டெடுத்தார். பெயர் முதலில் பிறந்தது. பொருள் 27 ஆண்டுகள் கழித்துக் கையில் கிடைத்தது.

இவ்வெற்றி மற்றொரு பெயருக்கும் துணிவு தந்தது. 1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தின்போது, கதிரவனைச் சூழ்ந்து முத்து நிறத்தில் ஒளிரும் கொரோனாவில் ஒரு பச்சைக் கோட்டை ஹார்க்னெஸ், யங் என்னும் அமெரிக்கர் இருவர் கண்டனர். அதுவும் அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தவில்லை. எனவே கொரோனியம் என்று ஒரு தனிமம் உண்டென்று கொண்டனர். எழுபது ஆண்டுகள் அப்பெயர் நூல்களில் வாழ்ந்தது. தனிம வரிசை நிரம்ப நிரம்ப அதற்கு இடமில்லாமற் போயிற்று.

1939ஆம் ஆண்டில் குரோட்ரியனும், அவரைத் தொடர்ந்து 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு எட்லெனும் புதிரை அவிழ்த்தனர். பச்சைக் கோடு உமிழப்படுவது பழகிய இரும்பிலிருந்தே. ஆனால் அவ்விரும்பணு தன் 26 எலக்ட்ரான்களில் 13ஐ இழந்திருந்தது. அத்தனை எலக்ட்ரான்களை உதிர்க்க வேண்டுமாயின் வெப்பம் பத்து இலட்சம் பாகையைத் தாண்ட வேண்டும்.

புதிர் ஒன்று அவிழ, அதனினும் பெரிய புதிர் முளைத்தது. நம் கண்ணுக்குத் தெரியும் கதிரவன் மேற்பரப்பாகிய ஒளிமண்டலத்தின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அடுப்பை விட்டு விலக விலக வெம்மை குறைவதே நாம் அறிந்த இயற்கை. இங்கோ அடுப்பிலிருந்து விலகிய புகை, அடுப்பைவிட நூறு மடங்குக்கும் மேலாகக் கொதிக்கிறது. மேற்பரப்பைக் கடந்து அவ்வளவு உயரத்திற்கு ஆற்றலைச் சுமந்து செல்வது எது? கதிரவன் வளிமண்டலத்தின் அலைகளை ஆராய்வோர் இன்றளவும் மறவாது சுமந்துவரும் வினா இதுவே.

கொடைமலையில் ஒரு தேடல்

வளியின் அசைவைக் கோட்டின் சாய்வால் அளக்கும் கலையில் தமிழ்நாட்டு மலையொன்றுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். கதிரவனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் அதன்பின் வலுத்தது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழக் காரணமானவற்றுள் அதுவும் ஒன்று. மழைக்காக எழுப்பிய வினாவுக்கு அன்று எதிர்பார்த்த எளிய விடை கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகம் நிலைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர் ஆனார்.

1907ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட் அங்கு வந்து சேர்ந்தார். கரும்புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதை அமெரிக்காவின் வில்சன் மலையில் ஹேல் 1908ஆம் ஆண்டில் கண்டறிந்திருந்தார். கரும்புள்ளி ஒரு பெருஞ்சுழல் என்ற கருத்தும் அப்போது வலுவாக இருந்தது. சுழலாயின் வளி வட்டமாகச் சுற்ற வேண்டும். அச்சுற்றினைக் கோட்டின் சாய்வில் காணலாம் என்று எவர்ஷெட் முற்பட்டார். 1909ஆம் ஆண்டு சனவரியில் அவர் எடுத்த படங்களில் கோடுகள் சாய்ந்தே இருந்தன. ஆனால் சுழற்சியைக் காட்ட வேண்டிய திசையில் சாய்வு இல்லை. அதற்குக் குறுக்கான திசையில் இருந்தது. புள்ளி வட்டின் நடுவே நின்றபோது சாய்வு மறைந்தது. விளிம்பை நெருங்க நெருங்க மிகுந்தது. இருளான நடுப்பகுதியைச் சூழ்ந்த அரைநிழல் வளையத்தில் வளி நொடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகத்தில் மேற்பரப்பை ஒட்டி வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அதன் பொருள்.

எவர்ஷெட் சுழற்சியைத் தேடினார், பாய்ச்சலைக் கண்டார், பாய்ச்சல் என்றே அறிக்கையில் எழுதினார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்குகிறது. அவர் துணைவியார் மேரி எவர்ஷெட் கதிரவனின் தீநாக்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர். இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் வானியல் குறித்து அவர் எழுதிய நூல், இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் வெளிவந்தது. ஒரே மனையில் கவிதையின் வானமும் கருவியின் வானமும் படிக்கப்பட்டன என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஐந்து நிமிடத் துடிப்பு

ஹேல் 1908ஆம் ஆண்டில் பயன்படுத்திய வில்சன் மலையின் அறுபதடிக் கோபுரம், அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வரலாற்றில் இடம்பெற்றது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலார் ராபர்ட் லெய்ட்டன் தம் மாணவர்கள் நோய்ஸ், சைமன் ஆகியோருடன் 1960ஆம் ஆண்டில் அங்கே பணியாற்றினார். ஃபெயின்மனின் இயற்பியல் விரிவுரைகளை நூலாக்கியவர்களுள் ஒருவராகவும் இவரைப் பலர் அறிவர்.

அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. ஒரே கோட்டின் ஊதா ஓரத்தின் ஒளியில் ஒரு படமும், சிவப்பு ஓரத்தின் ஒளியில் ஒரு படமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. ஒன்றின் நேர்படத்தை மற்றதன் எதிர்படத்தின்மேல் பொருத்தினால் இரண்டிற்கும் பொதுவான ஒளி வேறுபாடுகள் அடிபட்டுப் போகும். எஞ்சி நிற்பது வேகம் மட்டுமே. எங்கே வளி எழுகிறது, எங்கே இறங்குகிறது என்பது வெண்மை கருமைச் சாயல்களாகத் தட்டில் பதியும்.

அசைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அறிய லெய்ட்டன் மேலும் ஓர் உத்தி செய்தார். கருவி கதிரவன் வட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துழாவியதும், நிற்காமல் அப்படியே திரும்பி வந்தது. திரும்பும் முனையில் இரு படங்களுக்கும் இடையே கால இடைவெளி ஏதுமில்லை; தொடங்கிய முனையில் பல நிமிட இடைவெளி உண்டு. ஒரு வேகப் படத்திலிருந்து மற்றதைக் கழித்தால், ஒரே தட்டில் பல கால இடைவெளிகளின் வேறுபாட்டையும் காணலாம். கொதிக்கும் உலையில் எழும் குமிழிகளைப் போல வளியசைவு தற்செயலானது என்றால், இடைவெளி மிக மிக முன்னிருந்த நிலையின் சுவடு மங்கி, வேறுபாடு பெருகி, பிறகு மாறாமல் நிற்க வேண்டும். அதனையே எதிர்பார்த்தனர்.

தட்டு வேறொன்றைக் காட்டியது. வேறுபாடு முதலில் பெருகியது; பின்னர் குறைந்தது; ஏறத்தாழ ஐந்து நிமிட இடைவெளி உள்ள இடத்தில் பெரும்பாலும் மறைந்தே போயிற்று. அதாவது, ஐந்து நிமிடம் கழித்து வளி மீண்டும் பழைய அசைவிற்கே திரும்பியிருந்தது. தற்செயல் என்று எண்ணப்பட்ட இடத்தில் தாளம் இருந்தது. 1962ஆம் ஆண்டில் மூவரும் வெளியிட்ட விரிவான கட்டுரை அத்தாளத்தின் காலத்தை 296 நொடிகள் என்று தந்தது. அசைவின் வேகம் நொடிக்கு அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதே ஆய்வில், ஏறத்தாழ முப்பதாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்குமிழ்களும் மேற்பரப்பில் உண்டு என்பது வெளிப்பட்டது.

இத்தாளத்திற்குக் காரணம் காணப் பத்தாண்டுகள் ஆயின. மேற்பரப்பின் குமிழ்கள் மேலுள்ள வளியை இடிப்பதால் எழும் உள்ளூர் அதிர்வு இது என்றே பலர் கருதினர். 1970ஆம் ஆண்டில் உல்ரிச்சும், 1971ஆம் ஆண்டில் லைபாக்கரும் ஸ்டைனும் வேறு விளக்கம் கூறினர். ஒலி அலைகள் கதிரவனுக்குள்ளே சிறைப்பட்டுள்ளன. கீழே செல்லச் செல்ல வெப்பமும் அதனால் ஒலியின் வேகமும் மிகுவதால் அலை வளைந்து மேல்நோக்கித் திரும்புகிறது. மேற்பரப்பில் அடர்த்தி சட்டென்று குறைவதால் அங்கு மோதி மீண்டும் உள்ளே செல்கிறது. கடத்தின் உள்வெளி சில ஒலிகளை மட்டும் தாங்கிப் பெருக்குவதுபோல, கதிரவனின் உடலும் சில அலைகளை மட்டும் தாங்கி ஒலிக்கிறது. அவ்வொலி, மனிதச் செவி கேட்கும் மிகத் தாழ்ந்த ஒலியைக் காட்டிலும் ஆறாயிரம் மடங்கு தாழ்ந்தது. இவ்விளக்கம் உண்மையாயின் அலைகளின் நீளத்திற்கும் காலத்திற்கும் இடையே குறிப்பிட்ட உறவுகள் மட்டுமே தோன்ற வேண்டும். 1975ஆம் ஆண்டில் ஜெர்மானியர் டாய்ப்னர் அவ்வுறவுகளைத் தனித்தனி வரிகளாகப் பிரித்துக் காட்டினார்.

இரவு குறுக்கிடாத நோக்கு வேண்டும் என்று 1979-80ஆம் ஆண்டின் கோடையில் ஒரு குழு தென் துருவத்திற்கே சென்று, மறையாத ஞாயிற்றை ஐந்து நாள்கள் தொடர்ந்து நோக்கியது. 1995ஆம் ஆண்டில் ஆறு நிலையங்கள் உலகைச் சுற்றி ஒன்றிடமிருந்து மற்றொன்று கதிரவனைக் கைம்மாற்றிக்கொண்டு நோக்கத் தொடங்கின. அவற்றுள் ஒன்று இராசத்தானத்தின் உதயப்பூரில் உள்ளது. அந்த ஆய்வகத்தை நிறுவிய அரவிந்த் பட்நாகர் கொடைக்கானலில் பயிற்சி பெற்றவர். இத்துடிப்புகளைக் கொண்டு கதிரவனின் கொதிக்கும் வெளியடுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஆழம் உடையது என்று அளந்தனர். கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் கணக்கைவிடக் குறைவாகக் கிடைத்ததால், அதன் உள்ளமைப்பு பற்றிய கொள்கையே தவறோ என்ற ஐயம் அக்காலத்தில் இருந்தது. கொள்கை சரியே என்று துடிப்புகள் சான்று கூறின. வழியில் மாறுவன நியூட்ரினோக்களே என்று 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வு மெய்ப்பித்தது.

ஓர் அழகிய விடையின் வீழ்ச்சி

மேற்பரப்பிற்கு மேலே உள்ள நிறமண்டலத்தையும் கொரோனாவையும் சூடேற்றுவது எது என்ற வினாவிற்கு, துடிப்பு கண்டறியப்படும் முன்பே ஒரு விடை கூறப்பட்டிருந்தது. 1946ஆம் ஆண்டில் பீர்மனும் 1948ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்வார்ட்ஸ்சைல்டும் அதனை முன்வைத்தனர். கொதிக்கும் மேற்பரப்பு ஒலி எழுப்புகிறது. மேலே வளி மெலிந்துகொண்டே செல்வதால், அதே ஆற்றலைச் சுமக்க அலையின் வீச்சு பெருகுகிறது. கரையை நெருங்கும் கடலலை உயர்ந்து உடைவதுபோல ஒலியலையும் உயரத்தில் உடைந்து, தன் ஆற்றலை வெப்பமாகச் சொரிகிறது. கதிரவன் தன் ஓசையாலேயே தன் முடியைச் சூடாக்குகிறது என்னும் இவ்விடை அறிவுக்கும் கற்பனைக்கும் ஒருங்கே இனித்தது.

அதனைச் சோதிக்க ஏற்றது, நிறமண்டலத்தின் நடு உயரங்களில் உருவாகும் கால்சியத்தின் கே கோடு. கொடைக்கானலில் 1904ஆம் ஆண்டு முதல் அக்கோட்டின் ஒளியில் கதிரவனைப் படமெடுத்து வந்தனர். சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1960ஆம் ஆண்டில் அங்கு இயக்குநரானார். விண்மீன்களில் இதே கால்சியக் கோட்டின் அகலத்திற்கும் அவற்றின் உண்மை ஒளிக்கும் உள்ள உறவை 1957ஆம் ஆண்டில் வில்சனுடன் சேர்ந்து வெளியிட்டவர் அவர். அவர் காலத்தில் கொடைக்கானலின் கோபுரச் சுரங்கத் தொலைநோக்கி பெரும்பணி செய்தது. கோபுரத்தின் உச்சியிலுள்ள ஆடிகள் ஞாயிற்றொளியைக் கீழே இறக்கி, அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்திற்குள் செலுத்தின. அங்கு 34 சென்டிமீட்டர் அகலத்தில் ஞாயிற்றின் உருவம் விழுந்தது. 1971ஆம் ஆண்டில் பாப்புவும் சிவராமனும் கே கோட்டின் அகலத்தையும் நிறமண்டலத்தின் நுண்ணிய ஒளிப்புள்ளிகளையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தனர்.

அக்கோட்டின் ஊதாப் பக்கத்தில் சிறு ஒளிமணிகள் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை தோன்றி மறைவதைப் பலரும் கண்டனர். கீழே ஐந்து நிமிடமாக இருந்த தாளம் மேலே மூன்று நிமிடமாக மாறியிருந்தது. விரைந்த அலைகளே அவ்வுயரத்திற்கு ஏற வல்லவை. கரும்புள்ளியின் இருண்ட நடுவிலும் ஏறத்தாழ இதே தாளத்தில் ஒளி மின்னுவதை 1969ஆம் ஆண்டில் பெக்கர்சும் டாலண்டும் அறிவித்தனர். 1997ஆம் ஆண்டில் கார்ல்சனும், முன்னர்க் கூறிய ஸ்டைனும், கீழடுக்கில் அளந்த அசைவைக் கணிப்பொறியில் உள்ளீடாகத் தந்து, மேலே எழும் ஒலியலைகள் உடைவதால் இவ்வொளிமணிகள் உருவாவதைக் கணக்கிட்டுக் காட்டினர். கணக்கிட்ட கோடு கண்ட கோட்டோடு பெரிதும் ஒத்திருந்தது. ஒலி உண்மையாகவே ஏறுகிறது, உண்மையாகவே உடைகிறது.

ஆனால் கொரோனா வரை அது சென்று சேர்கிறதா? 1975ஆம் ஆண்டில் ஏவப்பட்ட எட்டாம் சூரிய ஆய்வுக் கோள், நிறமண்டலத்தின் மேல்விளிம்பில் உருவாகும் புறஊதாக் கோடுகளின் அசைவை அளந்தது. 1978ஆம் ஆண்டில் ஏத்தேயும் ஒயிட்டும் கணக்கை வெளியிட்டனர். அவ்வுயரத்தை எட்டும் ஒலியின் ஆற்றல் கொரோனாவுக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கே. பெரும்பகுதி வழியிலேயே செலவழிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் வாழ்ந்த விடை, கொரோனாவைப் பொறுத்தவரை வீழ்ந்தது. அதனை வீழ்த்தியது வேறொரு கொள்கையன்று. எதிர்பார்த்த அளவுக்குச் சாயாத சில கோடுகளே.

காந்தக் கம்பிகளின் அலை

எஞ்சி நின்ற நம்பிக்கை காந்தப் புலத்தின் மேல் சார்ந்தது. மின்கடத்தும் வளியில் காந்தக் கோடுகள் இழுத்துக் கட்டிய நரம்புகளைப் போல அதிரலாம் என்று 1942ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆல்வேன் எழுதினார். தொடக்கத்தில் பலர் நம்ப மறுத்தனர். 1970ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வலைகள் வளியை அழுத்துவதில்லை. ஆதலால் ஒலியைப் போல எளிதில் உடையாமல் நெடுந்தூரம் செல்லும். அப்பண்பே அவற்றைக் கண்டறிவதையும் அரிதாக்கியது. ஒளி கூடுவதோ குறைவதோ இல்லை.

இங்கும் கோடே துணை செய்தது. எண்ணற்ற அலைகள் ஒரே பார்வைக் கோட்டில் முன்னும் பின்னும் அசையும்போது, கோடு ஒரு பக்கமாகச் சாயாமல் இருபுறமும் விரிகிறது. வெப்பத்தால் வரும் விரிவைக் கழித்தால் எஞ்சும் விரிவு அலைகளின் தடம் ஆகலாம். 1998ஆம் ஆண்டில் தீபங்கர் பானர்ஜி முதலானோர், சோஹோ விண்கலத்தின் நிறமாலைமானியைக் கொண்டு, கதிரவனின் துருவப் பகுதியில் உயரம் கூடக் கூடக் கோடு அகல்வதைக் காட்டினர். தணியாமல் மேலேறும் ஆல்வேன் அலைகளுக்கு அது பொருந்தியது. 2012ஆம் ஆண்டில் ஹான், லாண்டி, சாவின் ஆகியோர் ஓர் உயரத்திற்கு மேல் அவ்வகற்சி குறைவதைக் கண்டு, அலை அங்கே தன் ஆற்றலை இழக்கிறது என்றனர். ஜப்பானின் நோரிக்குரா மலையில் ஜக்தேவ் சிங்கும் உடன் பணியாற்றியோரும், உயரத்தோடு சிவப்புக் கோடு அகல்வதையும் பச்சைக் கோடு குறுகுவதையும் அளந்தனர். இரண்டும் இரும்பின் கோடுகளே. இரண்டும் ஒரே மொழி பேசவில்லை. இவற்றுக்கிடையே 2007ஆம் ஆண்டில் டோம்சிக் குழுவினர் அகச்சிவப்புக் கோடு ஒன்றின் சாய்வைக் கொண்டு கொரோனா முழுதும் இவ்வகை அலைகள் பரவிச் செல்வதைக் கண்டனர். ஆயினும் அவர்கள் அளக்க முடிந்த ஆற்றல் கொரோனாவைச் சூடாக்கப் போதியதாக இல்லை.

அலைகள் மட்டுமே காரணமா, காந்தக் கோடுகள் முறுகி அறுந்து இணையும் சிறுசிறு வெடிப்புகளும் காரணமா, எவ்விடத்தில் எது மிகுதி என்பவை இன்னும் முடிவாகவில்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் பாதையை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர். கலத்திலுள்ள கொரோனா நோக்கியை உருவாக்கிய இந்திய வான்இயற்பியல் கழகம், கொடைக்கானல் ஆய்வகத்தின் வழிவந்தது. கிரகணத்திற்குக் காத்திராமல், கதிரவன் வட்டைத் தானே மறைத்துக்கொண்டு அதன் விளிம்பை நோக்கும் அக்கருவி படிக்கும் கோடுகளுள் ஒன்று 5303 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ளது.

நிறைவாக

சொல்லோடு வாழ்வோர்க்கு இவ்வரலாறு அயலானது அன்று. ஃபிரவுன்ஹோஃபர் பொருள் அறியாமலே கோடுகளைப் பிழையின்றி வரைந்து வைத்தார். 45 ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அவற்றின் பொருளைப் படித்தனர். எவர்ஷெட் தாம் விரும்பிய சுழலைத் தட்டில் ஏற்றிச் சொல்லவில்லை. லெய்ட்டன் மங்கலை எதிர்பார்த்த இடத்தில் தாளத்தைக் கண்டு, அதனை நம்பினார். ஓசையால் சூடேறும் முடி என்ற இனிய கற்பனையை, கோடுகள் ஒப்பாதபோது அறிஞர் கைவிட்டனர். கண்டதை எழுதும் நேர்மை ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர்க்கும் வேண்டியிருந்தது. ஒளிச் சுவடியைப் படித்தவர்க்கும் வேண்டியிருந்தது.

ஆதித்யா இன்று படிக்கும் 5303 ஆங்ஸ்ட்ராம் கோடு, 1869ஆம் ஆண்டின் கிரகணத்தில் சில நிமிடங்களே தோன்றி மறைந்த அதே பச்சைக் கோடுதான். கொரோனியம் என்னும் பெயர் நூல்களிலிருந்து நீங்கிற்று. கோடு இருக்கிறது, அதன் விரிவும் சாய்வும் இன்னும் படித்து முடிக்கப்படவில்லை.